காசு டீம்

கண்டமங்கலத்தில் எந்த டீக்கடையில் ஐபிஎல் ஓடினாலும் பெஞ்சின் ஓரத்தில் அவர் இருப்பார். திருபுவனை தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்தவராக இருக்கலாம். ரெண்டு காணி கரும்பு போட்டுவிட்டு மில் பணத்துக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். மனைத் தரகராகவும் இருக்கலாம். இந்தச் சாலையில் தரகர் உட்காராத பெஞ்சு கிடையாது. தொழில் எதுவானாலும், மார்ச் கடைசியிலிருந்து சீசன் முடியும்வரை அவருக்கு ஒரே வேலைதான். பணக்கார டீம் தோற்கவேண்டும். ஊருக்கு நாலைந்து பேர் இப்படித் தேறுவார்கள் என்பதால் தனியாகப் பெயர் எதற்கு? அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

"உங்க டீம் எதுங்கண்ணா?" என்று கேட்டால் "சென்னைதான், வேற எது?" என்பார். ஆனால் சென்னை ஆடுகிற அன்று பாதி நேரம் செல்போனில் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். அவர் நிமிர்ந்து உட்காருவது மும்பை ஆடும் அன்றுதான். அன்றைக்கு எதிரில் யார் இறங்குகிறார்களோ அவர்கள் அத்தனை பேரும் அண்ணனுக்குப் பங்காளிகள். "நம்ம லக்னோ பசங்க இன்னைக்கு விட மாட்டானுங்க" என்பார். லக்னோ எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்கக்கூடாது. மூன்று மணி நேரம் பங்காளியாக இருக்கத் திசை தேவையில்லை.

மும்பை ஜெயித்தால் அதற்கு அண்ணனிடம் ஒரே விளக்கம். "அம்பானிக்கு இன்னாப்பா, காசு கீது, வாங்கறான்." தோற்றால் அதற்கும் காசுதான் காரணம். "இவ்ளோ காசக் கொட்டி இன்னா புண்ணியம், பாத்தியா?"

அண்ணன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2008 ஜனவரியில் எட்டு டீம்களை ஏலம் விட்டபோது அதிக விலைக்குப் போனது மும்பைதான், 11 கோடியே 19 லட்சம் டாலர். மிகக் குறைந்த விலைக்குப் போனது ராஜஸ்தான், 6 கோடியே 70 லட்சம் டாலர். அந்த முதல் வருஷமே விலை குறைந்த ராஜஸ்தான் கோப்பையைத் தூக்கியது. பணக்கார டீமை வெறுக்கும் ஒருவருக்கு இதைவிடத் திருநாள் கிடையாது. ஆனால் அண்ணன் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். ஃபைனலில் கடைசிப் பந்தில் தோற்றது சென்னை. அதனால் அது ஏழை ஜெயித்த கதையாக இல்லாமல் "லக்குப்பா" என்று போய்விட்டது.

சென்னையின் விலை என்ன என்று யாராவது கேட்டால் அண்ணன் டீ கிளாஸைக் கழுவக் கொடுக்கிற சாக்கில் எழுந்துவிடுவார். 9 கோடியே 10 லட்சம் டாலர். எட்டில் நாலாவது இடம். அந்தக் காலத்து ரூபாய்க்குச் சுமார் முந்நூற்றறுபது கோடி. ஏழை டீம் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அண்ணனின் கணக்கில் பணம் இரண்டு வகை. சென்னையை வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். "சிமெண்டுன்னா உழைப்புடா தம்பி. எங்க வீட்டுத் தளமே சங்கர் சிமெண்டுதான். அவன் காசுல எங்க காசும் கீது." மும்பைக்காரர் பெட்ரோல் விற்கிறார், அது கொள்ளை. சிமெண்ட் மூட்டை விலை ஏறிய அன்று அதே கம்பெனிகளை அதே பெஞ்சில் அவர் திட்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆள் இருக்கிறான், ஒருத்தன். ஒவ்வொரு டீக்கடைக்கும் நீல ஜெர்சி போட்ட ஒரு தம்பி உண்டு. மதகடிப்பட்டுப் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிறவன். ரோகித் சர்மா படத்தை வால்பேப்பராக வைத்திருப்பவன். கண்டமங்கலத்தில் பிறந்துவிட்டு மும்பைக்குக் கைதட்டுகிற இந்தப் பிறவியை அண்ணன் மகன் முறை வைத்துத்தான் மன்னித்துக்கொண்டிருக்கிறார். அவன் ஒருநாள் புள்ளிவிவரத்தோடு வந்தான்.

"அண்ணா, ஏலத்துல எல்லா டீமுக்கும் ஒரே காசுதான். 2025 சீசனுக்கு ஆளுக்கு 120 கோடி. அதுக்கு மேல ஒத்த ரூவா போட முடியாது. ரிஷப் பண்ட்ட 27 கோடிக்கு வாங்குனது லக்னோ. ஸ்ரேயாஸ் அய்யர 26 கோடியே 75 லட்சத்துக்கு வாங்குனது பஞ்சாப். மும்பை எங்க கொட்டுச்சு?"

கடையே அண்ணனைப் பார்த்தது. அண்ணன் அசரவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "அது கண்ணுக்குத் தெரியற காசு."

இதற்குமேல் தம்பி என்ன பேசுவான்? காசு தெரிந்தால் கொழுப்பு, தெரியாவிட்டால் சூழ்ச்சி. எந்தப் பக்கம் போனாலும் அண்ணன் வாசலில் நிற்கிறார்.

இத்தனையும் அவர் பேசுவது எதைப் பார்த்துக்கொண்டு என்பதையும் சொல்லவேண்டும். கடையில் டிவி ரிப்பேர். அண்ணனின் செல்போன்தான் பிஸ்கட் பாட்டில்மேல் சாய்ந்து நிற்கும். சிம் ஜியோ. 2023-இல் ஜியோசினிமாவில் ஐபிஎல் முழுவதையும் இலவசமாகக் காட்டினார்கள். ஒரு பந்து விடாமல் பார்த்தவர் இவர். அம்பானி போட்ட டவரில், அம்பானி கொடுத்த நெட்டில், அம்பானியின் ஆப்பில், அம்பானியின் டீம் தோற்கவேண்டும் என்று கண்டமங்கலத்தில் ஒருவர் வேண்டிக்கொண்டிருந்தார். கடைசி ஓவரில் படம் சுற்ற ஆரம்பித்தால் அண்ணனுக்குக் காரணம் தெரியும். "பாரு, தோக்கப்போறான்னு தெரிஞ்சதும் நெட்ட நிறுத்திட்டான்!"

அண்ணனின் வயிற்றெரிச்சலுக்கு உற்பத்தி ஸ்தானம் 2019 ஃபைனல். ஹைதராபாத்தில் மும்பை 149 எடுத்தது. வாட்சன் முழங்காலில் ரத்தம் வழிய 80 ரன் அடித்தும் சென்னை 148-இல் நின்றது. கடைசிப் பந்தில் மலிங்கா தாக்கூரை எல்பிடபிள்யூ ஆக்கினார். ஒரு ரன். அந்த மேட்ச்சில் தோனி ரன் அவுட் ஆனாரா இல்லையா என்ற வழக்கு இந்த ஊரில் இன்னும் தீர்ப்பாகவில்லை. அண்ணன் அந்த வீடியோவைப் போனில் சேமித்து வைத்திருக்கிறார். மட்டை கோட்டைத் தொடும் இடத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, புதிதாகக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டுவார். மகள் கல்யாண ஆல்பத்தை இவ்வளவு பேரிடம் காட்டியதில்லை.

அதற்கு முன்னாலும் ஒரு ஒரு-ரன் உண்டு. 2016, 2017 இரண்டு வருஷமும் சென்னை டீமுக்குத் தடை. தோனி புனேக்குப் போனார். அண்ணனும் கூடவே புனேக்குப் போனார். அந்த டீமின் முதலாளி சஞ்சீவ் கோயங்கா. கொல்கத்தாவில் பெரும் தொழிலதிபர். அப்போது அண்ணன் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2017 ஃபைனலில் மும்பை 129, புனே 128. தோற்ற மறுநாள் காலையில்தான் "காசு டீம்" என்ற சொல் மறுபடி பெஞ்சுக்கு வந்தது.

நடுவில் ஒரு நல்ல காலமும் வந்தது. 2023 மே, அகமதாபாத். மழையால் ஒருநாள் தள்ளிப்போன ஃபைனல், ராத்திரி ஒன்றரை மணி தாண்டி ஓடியது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். ஊர் நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. ஆனால் அன்று சாயங்காலம் நடந்த ஒரு சங்கடத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். குஜராத்துக்கு ஆடி 47 பந்தில் 96 அடித்துச் சென்னையைப் போட்டுப் பிளந்தவர் சாய் சுதர்சன். அசல் சென்னைப் பையன். நம்ம ஊர்ப் பையன் நம்ம டீமை அடித்தால் கைதட்டுவதா, திட்டுவதா? கடையில் யாருக்கும் புரியவில்லை. அண்ணன் நீண்டநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார், "பையன் நல்ல பையன். சேர்க்கை சரியில்ல."

நியாயத்தராசு பற்றி இன்னொன்று. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியாவை குஜராத்திலிருந்து மும்பை கொண்டுபோனது. ஏலத்தில் இல்லை, டீமுக்கும் டீமுக்கும் நடந்த பேரம். அண்ணன் ஒரு மாதம் கொதித்தார். "கேப்டனையே வாங்கறான்னா பாத்துக்கோ! நாளைக்கு அம்பயர வாங்குவான், பிட்ச்ச வாங்குவான்." அடுத்த சீசனில் மும்பை கடைசி இடம் பிடித்ததும், பத்து பேருக்கு அவர் செலவில் டீ. சரித்திரத்தில் பதிய வேண்டிய சம்பவம். இந்த வர்க்கம் பொதுவாகத் தன் டீக்கே அடுத்தவர் கையைப் பார்க்கும்.

2025-இல் சென்னை கடைசி இடம். அந்த வருஷம் யாரும் டீ வாங்கவில்லை. நவம்பரில் ராஜஸ்தான் கேப்டன் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். அதுவும் ஏலத்தில் இல்லை, அதுவும் பேரம். பதிலுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் யார்? அதே ஜடேஜா, ஒன்றரை மணிக்கு ஊர் நாய்களை எழுப்பியவர். நீல ஜெர்சித் தம்பி சிரித்துக்கொண்டே வந்து நின்றான். "அண்ணா, கேப்டன வாங்கிட்டீங்க போல?" அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்கறது வேற, வீட்டுக்குக் கூப்பிடறது வேற. சஞ்சு பக்கத்து வூட்டுப் புள்ள. கேரளா எங்கடா கீது, நம்ம பொள்ளாச்சிய தாண்டனா கேரளா." கண்டமங்கலத்துக்குப் பொள்ளாச்சி பக்கத்து வீடாகி எத்தனை காலமானது என்று கேட்கத் தம்பிக்குத் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் டிவி கிரிக்கெட். அண்ணனின் உண்மையான எரிச்சல் இங்கேயே, எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. விழுப்புரத்தில் பாண்டி பஸ் ஏறிப் பாருங்கள். கோலியனூர், வளவனூர் வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு, திருபுவனை, திருவாண்டார்கோயில் என்று புதுச்சேரி வந்துவிடும். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. இரண்டு பக்கமும் பாண்டிக்காரர்கள்; நடுவில் நாங்கள். அவர்கள் பக்கம் பெட்ரோல் விலை குறைவு, 'இன்னொன்றும்' விலை குறைவு. அதுகூடப் பரவாயில்லை, அண்ணன் இரண்டுக்கும் அங்கேதான் போகிறார். கிரிக்கெட்டிலும் அவர்கள் பெரிய ஆளாகிவிட்டார்களே, அதைத்தான் பொறுக்கமுடியவில்லை. 2018-19 சீசனிலிருந்து புதுச்சேரிக்கு ரஞ்சி டீம் இருக்கிறது. 2011 கணக்குப்படி அங்கே ஜனத்தொகை பன்னிரண்டரை லட்சம். அதே கணக்கில், அப்போது பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் முப்பத்துநாலரை லட்சம். எங்களுக்கு ரஞ்சி இருக்கட்டும், டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாட்டு லீகில்கூட டீம் கிடையாது. 2016-இல் அது ஆரம்பித்தபோது திண்டுக்கல்லுக்கு டீம், காரைக்குடிக்கு டீம், தூத்துக்குடிக்கு டீம். சேப்பாக்கம் என்கிற ஒரு பேட்டைக்கே ஒரு டீம். விழுப்புரத்துக்கு ஜங்ஷன் இருக்கிறதே, போதாதா என்று விட்டுவிட்டார்கள்.

2024-இல் பாண்டிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு லீகும் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற வில்லியனூர் பெயரில் ஒரு டீம். ஊசுடு ஏரி பெயரில் ஒரு டீம். ஏரிக்கு டீம்! அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "அந்த ஏரில பாதி நம்ம பக்கம்பா. அப்ப டீம்ல பாதி நம்மளுதுதான?" என்று வி.ஏ.ஓ.வைக் கேட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதாகத் தெரியவில்லை.

பணக்கார டீம் எப்படி இருக்கும் என்று அண்ணன் கையால் தொட்டுப் பார்ப்பது பொங்கலை ஒட்டி நடக்கும் டோர்னமென்ட்டில்தான். அறுவடையான கொல்லை, எட்டு ஓவர், டென்னிஸ் பந்து. கரண்ட் கம்பியில் பட்டால் டெட் பால், சவுக்குத் தோப்புக்குள் போனால் இரண்டு ரன். முதல் பரிசு கொடுப்பவரின் படம் பேனரில் கோப்பையைவிடப் பெரிதாக இருக்கும். கமிட்டி மேஜைக்குப் பின்னால் நோட்டோடு அண்ணன். ரூல் நம்பர் ஒன்றை அவரே எழுதி ஒட்டியிருக்கிறார்: 'ஒரே ஊர் பிளேயர்கள் மட்டும். ஆதார் அவசியம்.'

பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்து இறங்குகிறது. எல்லாருக்கும் ஒரே கலர் ஜெர்சி. முதுகில் நகைக்கடை விளம்பரம். எங்கள் டீமில் பதினொரு பேருக்கு ஏழு கலர். அவர்களில் ஒருவன் புல்லட்டில் தனியாக வருகிறான். சக்கரம் வைத்த கிட் பேக். மட்டையின் பிடியை அவிழ்த்து வேறு நிறத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான், அண்ணன் மோப்பம் பிடித்துவிட்டார். "தம்பி, எந்த ஊரு?" ஆதார் வருகிறது. முகவரி கடலூர். "காசு குடுத்து எறக்கியிருக்கானுங்க! கமிட்டி ஒத்துக்காது!" மைக்கில் ஐந்து நிமிஷம் பேசினார். விளையாட்டு என்றால் என்ன, ஊர் மானம் என்றால் என்ன, காசு எப்படி எல்லாவற்றையும் கெடுக்கிறது. உண்மையிலேயே நல்ல பேச்சு. ஒலிபெருக்கிக்காரர்கூட வால்யூமைக் கூட்டினார்.

அப்போது எதிர்டீம் கேப்டன் அமைதியாக எங்கள் ஓபனிங் பேட்ஸ்மேனைக் காட்டினான். "அவரு எந்த ஊருண்ணா?" அவர் திண்டிவனம். லெதர் பந்தில் லீக் ஆடுகிறவர். வருஷா வருஷம் பொங்கலுக்குச் சரியாக வந்து, ஆடி, ஐம்பது அடித்து, கவரை வாங்கிக்கொண்டு போவார். அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அவர் எங்க ஊர் மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை என்றால் பெண் யார் என்று கேட்பார்கள் இல்லையா? கேட்டார்கள். ஆற்காட்டார் தெருவில் ஒரு வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருப்பதாக அண்ணன் சொன்னார். மூன்று வருஷமாகப் பேச்சு நடக்கிறது. பேட்ஸ்மேன் தலையைக் குனிந்துகொண்டு பேடு கட்டினார். வெட்கம்போலத்தான் இருந்தது.

ராஞ்சிக்காரரான தோனி இந்த மண்ணின் பிள்ளையானதும் இதே சட்டப்பிரிவின் கீழ்தான். 2008-இல் அவரை 15 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அந்த ஏலத்தில் அவ்வளவு விலை வேறு யாருக்கும் இல்லை. ஆனால் இந்தத் தொகையை அண்ணன் விலையாக நினைப்பதே இல்லை. மாப்பிள்ளைக்குச் செய்த சீர். மும்பை கொடுத்தால் அது விலை.

அண்ணன் தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரிய சரக்கு என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். அங்கே நியூயார்க் யாங்கீஸ் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு வேப்பங்காய். 27 முறை சாம்பியன். எந்த நட்சத்திரம் தெரிந்தாலும் காசைக் காட்டி இழுத்துக்கொள்வார்கள். 2002-இல் பாஸ்டன் டீமின் தலைவர் லாரி லுக்கினோ வெறுத்துப்போய் யாங்கீஸைத் தீய சாம்ராஜ்யம் என்றே சொன்னார். இரண்டு வருஷம் கழித்து 2004-இல் பாஸ்டன் 86 வருஷத்துக்குப்பின் கோப்பையை ஜெயித்தது; ஊரே அழுதது, ஏழை வென்றான் என்று. அந்த வருஷம் வீரர்களுக்கு அதிகச் சம்பளம் கொடுத்த டீம் யாங்கீஸ். இரண்டாவது இடம் யார் தெரியுமா? பாஸ்டன்தான். இப்போது அந்தச் சாபமெல்லாம் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு மாறியிருக்கிறது. ஒடானி என்கிற ஜப்பான்காரருக்குப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று 2023 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். 2024, 2025 இரண்டு வருஷமும் கோப்பை. நம்ம ஊர் மாதிரி ஏலத்துக்கு இவ்வளவுதான் என்று கோடு கிழிக்கிற வழக்கம் அங்கே இல்லை. மீறினால் வரி, அதைக் கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். அண்ணன் அங்கே பிறந்திருந்தால் ரத்தக் கொதிப்பு மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று.

இதை அவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த டாட்ஜர்ஸு அம்பானியோடதா?" என்றார். இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது.

அண்ணனைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இந்த மனிதர் இதுவரை ஒருமுறைகூட சேப்பாக்கம் போனதில்லை. 2025-இல் சென்னை-மும்பை மேட்ச்சுக்குக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். அதுவும் ஆன்லைனில் கண் மூடித் திறப்பதற்குள் காலி. கடையில் ஆறு பேர் ஆறு போனில் முயன்று வரிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தார்கள். மஞ்சள் பனியன்கூடப் பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கியதுதான். தன் டீம் இவ்வளவு தூரத்தில் இருக்கிறவருக்கு எதிரி டீமாவது பக்கத்தில் இருக்கட்டுமே.

ஆகவே தொழிலதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழுப்புரத்துக்கு ஒரு டிஎன்பிஎல் டீம் வாங்கிக்கொடுங்கள். பெயர் என்னவாகவும் இருக்கட்டும், ஜெர்சி என்ன நிறமாகவும் இருக்கட்டும். பிளேயர்களை எந்த ஊரிலிருந்தும் இறக்குங்கள். மாப்பிள்ளைப் பட்டம் நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம். காசு எவ்வளவு கொட்டினாலும் ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அம்பானியே வாங்கினாலும் ஆட்சேபணை இல்லை என்று அண்ணன் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடத் தயார். பேப்பர் வாங்குகிற காசை மட்டும் அம்பானி கொடுத்துவிட வேண்டுமாம்.